சாவியைக் கொடுத்தாச்சு, அட்வான்ஸ் எங்கே?

சென்னையில் வாடகை வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர் நான். வீட்டைக் காலி செய்தும் அட்வான்ஸ் கைக்கு வராதவர்கள் கேட்டவையும் என் பதில்களும் இதோ.

கே: வேளச்சேரியில் மூன்று வருடம் இருந்தோம். வாடகை 15,000, அட்வான்ஸ் 1 லட்சம். பெயிண்டிங்குக்கு 30,000 பிடிப்பேன் என்கிறார் ஓனர். மீதியையும் இரண்டு மாதமாகத் தரவில்லை.

ப: அந்த இரண்டு மாதமே தப்பு. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் புதிய வாடகைச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. அதன் 11-ஆம் பிரிவுப்படி, காலி செய்த ஒரு மாதத்துக்குள் உங்கள் பாக்கியைக் கழித்துக்கொண்டு மீதியைத் தந்துவிட வேண்டும்.

பெயிண்டிங் விஷயத்தில் முதலில் அக்ரிமென்டை எடுத்துப் படியுங்கள். ‘காலி செய்யும்போது ஒரு மாத வாடகை பெயிண்டிங்குக்கு’ என்று கையெழுத்துப் போட்டிருந்தால் 15,000 போய்விட்டது, வருத்தப்பட்டுப் பயனில்லை. அப்படி எதுவும் எழுதவில்லையென்றால், வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிப்பதும் ஓனர் பொறுப்பு என்று அதே சட்டத்தின் அட்டவணை சொல்கிறது. மூன்று வருட வெயிலில் சுவர் வெளுத்தது உங்கள் குற்றமில்லை. குழந்தை கிரேயானில் யானை வரைந்திருந்தால் அது வேறு கதை! எதற்குப் பிடித்தாலும் பில் கேளுங்கள், அதையும் வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே கேளுங்கள்.

கே: குழாய், சுவிட்ச் ரிப்பேருக்கும் பிடிக்கலாமா?

ப: பிடிக்கலாம். குழாய், சுவிட்ச், பூட்டு, ஜன்னல் கண்ணாடி போன்ற சில்லறை ரிப்பேர் பொதுவாகக் குடியிருப்பவர் தலையில்தான். சுவருக்குள் ஓடும் பைப்பும் வயரிங்கும் ஓனருடையது.

கே: மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாதாமே? என்னிடம் பத்து மாதம் வாங்கினார்.

ப: பாதிதான் உண்மை. ‘ஒப்பந்தத்தில் வேறு விதமாக இல்லாவிட்டால்’ மூன்று மாதம் என்பதுதான் வாசகம். நீங்கள் பத்துக்கு ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டிருக்கிறீர்கள். கொடுத்ததற்கு ரசீதோ வங்கிப் பதிவோ இருக்கிறதா? என் கவலை அதுதான்.

கே: கடைசி இரண்டு மாத வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளச் சொல்லலாமா?

ப: ஓனர் ‘சரி’ என்று மெசேஜ் போட்டால் தாராளமாக. நீங்களாக வாடகையை நிறுத்தினால் வாடகை பாக்கி வைத்தவர் ஆகிவிடுவீர்கள்.

கே: லீஸுக்கு 6 லட்சம் கொடுத்திருக்கிறேன். ‘முதலில் காலி பண்ணுங்க, அடுத்த ஆள் வந்ததும் தர்றேன்’ என்கிறார்.

ப: சாவி ஒரு கையில், பணம் மறு கையில். வேறு வழியில் போகாதீர்கள். அடுத்த ஆள் எப்போது வருவார் என்பது உங்கள் கணக்கில்லை.

கே: வக்கீல் வைக்க வசதியில்லை. என்ன செய்வது?

ப: தொகை, காலி செய்த தேதி, வங்கிக் கணக்கு எண் மூன்றையும் எழுதி, டெலிவரி ஆனதற்கான சான்றுடன் ஸ்பீட் போஸ்டில் கடிதம் அனுப்புங்கள். பலர் அதிலேயே இறங்கி வருவார்கள். வராவிட்டால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுங்கள். வழக்குப் போடும் முன்பே இருவரையும் அழைத்துப் பேசுவார்கள். மக்கள் நீதிமன்றத்தில் சமரசமானால் அது சிவில் கோர்ட் தீர்ப்புக்குச் சமம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு.

கே: அடுத்த வாரம்தான் காலி செய்கிறேன். இப்போதே என்ன செய்யலாம்?

ப: சாமான் ஏற்றிய பிறகு, காலி வீட்டை அறை அறையாக வீடியோ எடுங்கள். ஈபி மீட்டர் ரீடிங்கும் தெரியட்டும். கடைசி ஈபி பில்லைக் கட்டுங்கள். சாவி வாங்கியதாக ஒரு வரி எழுதி ஓனரிடம் கையெழுத்து வாங்குங்கள். மறுத்தால் ‘இன்று மாலை சாவி கொடுத்துவிட்டேன் சார்’ என்று அங்கே நின்றபடியே மெசேஜ் அனுப்புங்கள்.