ஆபீஸில் யாருமே செய்யாதபோது டிடிடியைத் தனியாகக் கற்றுக்கொள்ள முடியுமா?

கேள்விக்குக் கீழே கேட்டவர் எழுதியிருக்கும் விவரம் இது: வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. டிடிடி (டெஸ்ட் டிரிவன் டெவலப்மென்ட்), அதாவது கோட் சரியான விடை தருகிறதா என்று பார்க்கும் டெஸ்ட்டை முதலில் எழுதி, அப்புறம் கோட் எழுதும் முறையை வீடியோவில் பார்த்தால் எளிதாக இருக்கிறது. ஆபீஸ் கோடில் முயன்றால் ஓர் அடி நகரவில்லை. சீனியர்கள் சிரிக்கிறார்கள்.

ஒரு காலத்தில் அப்படிச் சிரித்தவன்தான் நானும். அதனால்தான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

உங்கள் நிலைமையை ஊகிக்க முடிகிறது. ஏழெட்டு வருடப் பழைய கோட். ஒரே மெத்தட் (ஒரு வேலையைச் செய்யும் கோட் துண்டு) ஆயிரக்கணக்கான வரி நீளும். எதைத் தொட்டாலும் டேட்டாபேஸைக் கூப்பிடும். அதில் போய் டிடிடி பழகுவது, ஆடிப்பெருக்கு அன்று காவிரியில் இறங்கி நீச்சல் பழகுவது மாதிரி. முடியாமல் போனது உங்கள் குறையில்லை.

என் கதைக்கு வருகிறேன். 2016இல் கோயம்புத்தூரில் ஒரு சின்ன கம்பெனியில் இருந்தேன். மில்களுக்கும் பனியன் கம்பெனிகளுக்கும் சம்பளக் கணக்கு மென்பொருள் எழுதுவோம். பி.எஃப் பகுதி என் தலையில்.

கணக்கு இதுதான். பி.எஃப் சம்பளத்தில் 12 சதவீதம் முதலாளியின் பங்கு. அதில் 8.33 சதவீதம் ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகும், மிச்சமுள்ள 3.67 தொழிலாளியின் பி.எஃப் கணக்கில் சேரும். 2014 செப்டம்பரிலிருந்து இதற்கான சம்பள உச்சவரம்பு 15,000 ரூபாய். எல்லாம் முழு ரூபாயில் வர வேண்டும். 15,000க்குப் போட்டுப் பாருங்கள்: ஒன்று 1,249.50, மற்றது 550.50. இரண்டையும் தனித்தனியாக ரவுண்டு செய்தால் 1,250, 551. கூட்டினால் 1,801. பன்னிரண்டு சதவீதம் என்பதோ 1,800.

திருப்பூரிலிருந்து ஓர் அக்கவுன்டன்ட் போன் செய்தார். "ஒரு ரூபாதானேன்னு பார்க்காதீங்க தம்பி, 640 பேருக்கு வருதுங்க" என்றார். நான் என்ன செய்தேன்? கூட்டுத்தொகை 1,801 ஆக இருந்தால் ஒன்றைக் கழி என்று ஒரு இஃப் (நிபந்தனை வரி) போட்டேன். சிரிக்காதீர்கள், நீங்களும் போட்டிருப்பீர்கள். அடுத்த மாதம், லீவு கழிந்து 10,020 ரூபாய் வந்த ஒருவருக்கு மறுபடியும் ஒரு ரூபாய் கூடியது. அதற்கு இன்னொரு இஃப். மூன்றாவது மாதம் வேறொரு தொகைக்கு இடித்தபோது அந்த மனிதர் என்னைத் "தம்பி" என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

அப்போது எங்கள் டீமுக்குப் புதிதாக ஓர் அக்கா வந்திருந்தார். அதுவரை அவர் டெஸ்ட் டெஸ்ட் என்று பேசுவதைக் கேண்டீனில் கிண்டல் செய்துகொண்டிருந்தவன் நான். அன்று என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"கண்ணு, கீபோர்டுல கையை வைக்காதே. 10,020க்கு எவ்வளவு வரணும்? அதை முதல்ல சொல்லு."

எனக்குத் தெரியவில்லை. மூன்று மாதமாக அந்தக் கோடைத் திருத்திக்கொண்டிருக்கிறேன், சரியான விடை என்ன என்று எனக்கே தெரியாது! தப்பான விடை எது என்று மட்டும்தான் தெரியும். அக்கவுன்டன்ட்டுக்குப் போன் போட்டேன். அவர் இரண்டே வாக்கியத்தில் முடித்தார்: "ஓய்வூதியத்தை மட்டும் ரவுண்டு பண்ணுங்க. 12 சதவீதத்துல இருந்து அதைக் கழிச்சா மிச்சம்தானுங்க பி.எஃப்." மூன்று மாதத்தில் நான் ஒருமுறைகூட அவரிடம் அதைக் கேட்டதில்லை.

அதற்குப் பிறகும் எனக்குப் புத்தி வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெரிய மெத்தடிலிருந்து பங்கு பிரிக்கும் நான்கு வரிகளை மட்டும் வெட்டி ஒரு தனி கிளாஸில் (கோடின் தனிப் பகுதி) வைத்தோம். டேட்டாபேஸ் இல்லை, திரை இல்லை. 15,000 கொடுத்தால் 1,250உம் 550உம் வர வேண்டும் என்று முதல் டெஸ்ட். ஓட்டினோம், சிவப்பு. டெஸ்ட் தோற்றால் சிவப்பு, தேறினால் பச்சை. இந்த இடத்தில் நேராக 550 என்ற எண்ணையே எழுதிப் பச்சையாக்கு என்பார்கள். எனக்கு மானம் தடுத்தது. புத்திசாலித்தனமாக ரவுண்டிங் முறையை மாற்றினேன். சரிபாதி வந்தால் இரட்டைப்படை எண் பக்கம் சாயும் முறை ஒன்று ஜாவா மொழியில் உண்டு, ஹாஃப் ஈவன் என்று பெயர். அதில் 550.50 என்பது 550 ஆகிவிடும். பச்சை!

அக்கா ஒன்றும் சொல்லவில்லை. 10,020க்கு 835, 367 என்று இரண்டாவது டெஸ்ட்டை அவரே தட்டினார். சிவப்பு. ஏனென்றால் அங்கே 834.666, 367.734. பாதியே இல்லை, எந்த முறையில் பக்கத்து முழு எண்ணுக்குக் கொண்டுபோனாலும் 835, 368தான். என் சாமர்த்தியம் ஒரே ஒரு எண்ணுக்குத்தான் வேலை செய்திருக்கிறது. கழித்தல் போட்டேன், ரவுண்டு செய்த 12 சதவீதம் 1,202, அதில் 835 போக 367. இரண்டும் பச்சை. பழைய இஃப்கள் எல்லாவற்றையும் அழித்தேன். அப்போதும் பச்சை. மொத்தம் 40 நிமிடம் ஆகியிருக்கும்.

நான் கற்றுக்கொண்டது அன்றைக்குத்தான். அதற்கு முன்பு கம்பெனி நடத்திய இரண்டு நாள் பயிற்சியில் சான்றிதழ் மட்டும் கிடைத்தது.

அதனால் உங்களுக்கு நான் சொல்வது: புது ஃபீச்சரில் ஆரம்பிக்காதீர்கள், பக்கில், அதாவது பிழையில், ஆரம்பியுங்கள். அடுத்த பக் உங்கள் பெயரில் வரும்போது, திருத்துவதற்கு முன் அதைக் காட்டிக்கொடுக்கும் ஒரு டெஸ்ட்டை எழுதுங்கள். அது சிவப்பாவதைக் கண்ணால் பாருங்கள். பிறகு திருத்துங்கள். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். டிடிடி என்ற வார்த்தையையே வாயில் எடுக்க வேண்டாம். "பக்கை ரீப்ரொட்யூஸ் பண்ணிட்டு இருக்கேன்" என்றால் எந்த மேனேஜரும் தலையாட்டுவார். அது பொய்யும் இல்லை.

வேறு மொழியில் வேலை செய்பவர் என்றாலும் கவலை இல்லை, கருவி பெரிய விஷயமே கிடையாது. ஜாவாவில் டெஸ்ட்டை ஓட்டும் கருவியான ஜேயூனிட்டின் முதல் வடிவத்தையே, டிடிடியைப் பிரபலமாக்கிய கென்ட் பெக்கும் எரிக் காமாவும் 1997இல் சூரிக்கிலிருந்து அட்லான்டா போகும் விமானத்தில் உட்கார்ந்து எழுதினார்கள். அந்த அளவுக்குச் சின்ன யோசனை அது.

"டிடிடி செத்துப் போச்சுன்னு எப்பவோ சொல்லிட்டாங்களே" என்று யாராவது வருவீர்கள், தெரியும். 2014இல், இணையதளம் கட்ட உதவும் ரூபி ஆன் ரெயில்ஸை உருவாக்கிய டேவிட் ஹைன்மையர் ஹான்சன் அப்படி எழுதினார். கென்ட் பெக், மென்பொருள் நூல்கள் எழுதிய மார்ட்டின் ஃபவ்லர் இருவரும் அவரோடு உட்கார்ந்து அதைப் பற்றிப் பொதுவில் பேசவும் செய்தார்கள். அவர் சொன்னதில் எனக்கும் உடன்பாடு உண்டு. டெஸ்ட் எழுத வசதியாக இருக்க வேண்டும் என்பதற்காகவே கோடைப் பத்துத் துண்டாக வெட்டி, எல்லாவற்றுக்கும் மாக் (நிஜக் கோடுக்குப் பதில் நிற்கும் போலி) போட்டு, கடைசியில் மாக்கை மாக் சோதிக்கும் கோடுகளை நானும் பார்த்திருக்கிறேன். திரை வடிவமைப்புக்கு நான் முதலில் டெஸ்ட் எழுதுவதில்லை. நாளை தூக்கி எறியப்போகும் ஸ்கிரிப்ட்டுக்கும் எழுதுவதில்லை. கணக்கு, விதி, தேதி, பணம் என்று வந்தால் எழுதாமல் இருப்பதில்லை. இதைக் கட்சிப் பிரச்சாரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எனக்கு எரிச்சல் வேறு இடத்தில். கவரேஜ், அதாவது டெஸ்ட் ஓடும்போது தொடப்படும் கோடின் அளவு, 80 சதவீதம் வேண்டும் என்று கிளையன்ட் கேட்டால், ரிலீசுக்கு முந்தின வாரம் நான்கு பேரை உட்கார வைத்து விடையைச் சரிபார்க்கும் அசர்ட் வரியே இல்லாத டெஸ்ட்டாக எழுதித் தள்ளுகிறார்கள். எதையும் சோதிக்காத டெஸ்ட் எப்படித் தோற்கும்? அறிக்கை மட்டும் பச்சைப் பசேல் என்று இருக்கும். இதையே செய்யும் ஒரு கம்பெனி சில வருடம் கழித்து இன்டர்வியூவில் என்னிடம் "டிடிடியில் எத்தனை வருட அனுபவம்?" என்று கேட்டது.

வீட்டில் பழக ஏதாவது வேண்டுமென்றால், இணையத்தில் எல்லோரும் பௌலிங் (கிரிக்கெட் இல்லை, பந்தை உருட்டிப் பத்துக் கட்டைகளைச் சாய்க்கும் விளையாட்டு) ஸ்கோர் கணக்கைக் கொடுப்பார்கள். அந்த விளையாட்டின் விதி புரியவே எனக்கு ஒரு சாயங்காலம் போய்விட்டது. அதற்கு நம் வீட்டு ஈ.பி. பில் எவ்வளவோ மேல். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், அப்புறம் படிப்படியாக விலை, 500ஐத் தாண்டினால் கட்டணப் பட்டியலே மாறிவிடும். 100, 101, 500, 501 என்று எல்லைகள் வரிசையாக நிற்கின்றன. விடை சரியா என்று பார்க்கப் பழைய பில்லும் வீட்டிலேயே இருக்கும். எடுத்தவுடன் 501க்குப் போகாதீர்கள். ஆள் இல்லாமல் இரண்டு மாதம் பூட்டிக் கிடந்த வீட்டுக்கு எவ்வளவு வர வேண்டும்? முதல் டெஸ்ட் அதுவாக இருக்கட்டும்.