மச்சானின் பில் மட்டும் மெயிலிலா?

கேள்வி: எங்கள் நிறுவனத்துக்கு 11 ஏஜென்சிகள் தற்காலிக ஊழியர்களை அனுப்புகின்றன. எல்லா ஏஜென்சிகளையும் ஒரே சாஃப்ட்வேருக்குள் கொண்டுவரும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். 3 டெமோ பார்த்து, எக்செலில் 40 அம்சங்களுக்கு மதிப்பெண்ணும் போட்டுவிட்டேன். எல்லாம் ஒன்று போலவே தெரிகிறது. 6 மாதமாக முடிவெடுக்க முடியவில்லை. ஒரு ஏஜென்சி மட்டும் என் மனைவியின் அண்ணனுடையது. சின்ன நிறுவனம், கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்ட அவருக்கு நேரமில்லை. அவரை மட்டும் பழையபடி மெயிலில் பில் அனுப்ப விடும் வசதி எதில் நன்றாக இருக்கிறது? எதை வாங்கலாம்?

பதில்: 40 அம்சங்களுக்கு மதிப்பெண் போட்டும் முடிவு வரவில்லை என்கிறீர்கள். எப்படி வரும்? நீங்கள் தேடுவது 41-வது அம்சத்தை. மச்சானுக்கு ஒரு பின்வாசல்.

இந்த மாதிரி கடிதம் எனக்குப் புதிதல்ல. ஒருவருக்குத் தம்பி, ஒருவருக்குக் கல்லூரி நண்பர், இன்னொருவருக்குப் பழைய முதலாளி. கடிதம் முழுக்க சாஃப்ட்வேர் இருக்கும். சொந்தக்காரர் கடைசியில், "சின்ன நிறுவனம்" என்ற அடைமொழியோடு வருவார்.

அவருக்கு நேரமில்லை என்பதை நான் நம்பவில்லை. பில் தயாரித்து மெயிலில் அனுப்பத் தெரிந்தவருக்கு, ஆள் பெயரையும் மணிக்கணக்கையும் ஒரு திரையில் ஏற்றத் தெரியாதா? சாஃப்ட்வேருக்குள் வந்தால் "ஆள் தேவை" என்ற கோரிக்கை 11 பேருக்கும் ஒரே நேரத்தில் போகும். இப்போது முதல் ஃபோன் யாருக்குப் போகிறது என்று நான் கேட்கவில்லை. அப்புறம், ஊழியர் கைக்குப் போவது எவ்வளவு, ஏஜென்சி மேலே வைக்கும் மார்க்கப் எவ்வளவு என்று பிரித்துக் காட்டச் சொல்லலாம். அதே வேலைக்கு மற்ற ஏஜென்சி என்ன வைக்கிறது என்பதை உங்கள் நிதிப் பிரிவு பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும். அவருக்கு மல்லுக்கட்டு அங்கேதான்.

மச்சானுக்கு உதவாதீர்கள் என்று சொல்பவள் நானில்லை. குடும்பம் என்றால் தோள் கொடுக்கத்தான் வேண்டும். உங்கள் சம்பளத்திலிருந்து கொடுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் ஆபீசில் உட்கார்ந்து அந்தத் திரையைப் பழக்கிக் கொடுங்கள். கம்பெனிப் பணத்தில் சலுகை கொடுத்துவிட்டு அதற்குப் பாசம் என்று பெயர் வைக்காதீர்கள்.

எனக்கு உண்மையில் கோபம் வந்தது வேறொன்றுக்காக. மச்சான் அனுப்பும் ஆட்களைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை. மெயிலில் வரும் பில்லில் "12 பேர், இந்த மாதம், மொத்தம் இவ்வளவு" என்று ஒரு வரி இருக்கும். யார் எத்தனை மணி நேரம் ஓவர்டைம் பார்த்தார், எந்த சூப்பர்வைசர் ஒப்புதல் கொடுத்தார், அந்த மணிக்குக் கூலி போனதா, ஒன்றும் தெரியாது. மற்ற 10 ஏஜென்சிகளின் ஆட்களுக்கு அவரவர் பெயரில் டைம்ஷீட் இருக்கும். தகராறு வந்தால் எடுத்துக் காட்டலாம். இந்த 12 பேருக்கு மட்டும் எதுவும் இருக்காது. அவர்களுக்கும் குடும்பம் இருக்கிறது, தம்பி.

ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்றும் யாரும் பார்க்க மாட்டார்கள். தற்காலிகம் ஆண்டுக்கணக்கில் நீளும். நிரந்தர ஊழியர்களோடு சேர்ந்து நீண்ட காலம் வேலை பார்த்த தற்காலிக ஆட்கள் வழக்குப் போட்டதில், மைக்ரோசாஃப்ட் 2000-ஆம் ஆண்டில் 9.7 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொள்ள வேண்டியிருந்தது. உங்களிடம் அப்படி ஒரு வழக்கு வந்தால், மெயிலில் ஓடிய ஏஜென்சியைத்தான் முதலில் தோண்டுவார்கள்.

சரி, சாஃப்ட்வேர். அந்த எக்செலை மூடி வையுங்கள். எஸ்ஏபி ஃபீல்டுகிளாஸ், பீலைன், 2021-ல் வொர்க்டே நிறுவனம் வாங்கிய வெண்ட்லி, எதுவாக இருந்தாலும் டெமோவில் அழகாகத்தான் ஓடும். உள்ளே இருப்பது அவர்களே தயாரித்த கணக்கு. போன மாதத்து பில்களில் உங்களைப் படுத்திய மூன்றை எடுத்துக்கொண்டு போங்கள். நள்ளிரவைத் தாண்டிய ஷிஃப்ட் ஒன்று. வாரத்தின் நடுவில் ரேட் மாறிய ஆள் ஒருவர். பணம் போன பிறகு மணிக்கணக்கு தப்பென்று தெரியவந்த பில் ஒன்று. "என் கண் முன்னால் ஏற்றிக் காட்டுங்கள்" என்று சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். மூன்றாவது பில்லில் "அதை எங்கள் டீம் பிறகு செய்து தரும்" என்று சொன்னால், மாதாமாதம் அதே பதில்தான் வரும். சூப்பர்வைசர் நின்ற இடத்திலேயே ஃபோனில் ஒப்புதல் கொடுக்க முடிகிறதா என்றும் பாருங்கள். அவர் தள்ளிப்போட்டால் பில் நகராது, கூலியும் தள்ளிப்போகலாம்.

"உங்களுக்குச் செலவே இல்லை, ஏஜென்சிகளே கட்டிவிடும்" என்று சொல்லும் சாஃப்ட்வேர் கம்பெனிகளும் உண்டு. ஏஜென்சிக்குப் போகும் ஒவ்வொரு பில்லிலும் குறிப்பிட்ட சதவீதத்தைக் கழித்துக்கொள்வார்கள். ஏஜென்சி சும்மா இருக்குமா? மார்க்கப்பில் ஏற்றும், இல்லையென்றால் கூலியில் கைவைக்கும். சின்ன ஏஜென்சிகள் மேல் உங்களுக்கு நிஜமாகவே அக்கறை இருந்தால், இந்தச் சதவீதத்தைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுங்கள். மச்சானுக்கு மட்டுமில்லாமல் எல்லாச் சின்ன ஏஜென்சிகளுக்கும் சேர்த்து.

இதற்கெல்லாம் முன்னால் உங்கள் மேலதிகாரிக்கு ஒரு மெயில் எழுதுங்கள்: இந்த ஏஜென்சி என் மனைவியின் அண்ணனுடையது, இதன் ரேட்டையும் பில்லையும் இனி வேறொருவர் பார்க்கட்டும் என்று. வாய்வார்த்தையாகச் சொன்னது கணக்கில் வராது. அனுப்புவதற்கு முதல் நாளே மனைவியிடம் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். அண்ணன் ஃபோன் செய்து புலம்பிய பிறகு நீங்கள் என்ன நியாயம் பேசினாலும் அந்த வீட்டில் எடுபடாது.