குட்டிக் கைகளுக்குச் சமையலறையில் என்ன வேலை?

நான் சமைக்கும்போதெல்லாம் இரண்டரை வயது மகள் காலைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். அவளுக்கு என்ன வேலை கொடுக்கலாம்?

இதுதான் தொடங்குவதற்குச் சரியான வயது. பிய்ப்பது, உரிப்பது, கழுவுவது, கொட்டுவது எல்லாம் அவளுக்கு நன்றாக வரும். கீரை ஆயக் கொடுங்கள். அவித்த முட்டையை உரிக்கச் சொல்லுங்கள். அளந்து வைத்த மாவைக் கிண்ணத்தில் கொட்டட்டும். அடுப்பு மேடையில் மட்டும் தூக்கி உட்கார வைக்காதீர்கள். தரையில் துணி விரித்து, ஒரு அகலத் தட்டை முன்னால் வைத்தால் போதும். சிந்தினாலும் தட்டோடு போகும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். அவள் ஆய்ந்த கீரையை அவள் கண் முன்னாலேயே மறுபடி ஆயாதீர்கள். நாலு காம்பு கிடந்தால் கிடக்கட்டும். தான் செய்தது கணக்கில் வரவில்லை என்பதைப் பிள்ளைகள் சட்டென்று கண்டுபிடித்துவிடுவார்கள். அவள் கை பட்ட கீரைதான் குடும்பம் முழுக்கச் சாப்பிடுகிறது என்று தெரிந்தால், அடுத்த நாள் அவளே வந்து நிற்பாள்.

நாலு வயது மகன் ஆசை ஆசையாகச் சமைக்க உதவுகிறான். சாப்பிடக் கூப்பிட்டால் ஓடிவிடுகிறான். பிறகு எதற்கு இந்தப் பாடு?

பாடு வீணாகவில்லை. சுமார் இரண்டு வயதிலிருந்து ஆறு வயது வரை புது உணவைச் சந்தேகத்தோடு பார்ப்பது பிள்ளைகளின் இயல்பு. ஒரு காயை ஏற்றுக்கொள்ள ஒரு பிள்ளைக்கு எட்டு, பத்து முறை, சிலருக்குப் பதினைந்து முறைகூட அது கண்ணிலும் நாக்கிலும் பட வேண்டியிருக்கும். தொட்டதும் முகர்ந்ததும் பிய்த்ததும் அந்தப் பழக்கத்தில் சேர்ந்ததுதான்.

காரியத்தைக் கெடுப்பது நாம் சொல்லும் ஒரு வாக்கியம்: "நீ செஞ்சதுதானே, ஒரே ஒரு வாய் சாப்பிடேன்." சமைக்கக் கூப்பிட்டதே சாப்பிட வைக்கத்தான் என்று அவனுக்குப் புரிந்துவிடும். அடுத்த முறை சமைக்கவும் வரமாட்டான். அதற்குப் பதிலாகப் பெரியவர்களின் வேலை ஒன்றை அவனிடம் கொடுங்கள். ஒரு கரண்டியில் கொஞ்சம் எடுத்து ஆறவைத்து, "உப்பு சரியா இருக்கா, பார்த்துச் சொல்லு" என்று கேளுங்கள். பிடிக்காவிட்டால் துப்பலாம் என்றும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். தட்டை அவனே அலங்கரிக்கட்டும்: ரொட்டித் துண்டு முகம், வெள்ளரி வட்டம் கண், துருவிய கேரட் முடி. முகத்தில் ஒரு கண் மட்டும் காணாமல் போனால், கேட்காதீர்கள்!

அடுப்பே இல்லாமல், ஐந்து வயதுப் பிள்ளை தொடக்கம் முதல் முடிவு வரை தானே செய்ய ஒன்று சொல்லுங்கள்.

வெண்ணெய். இதைவிடச் சிறந்த முதல் சமையலை நான் அறியேன்.

கொழுப்பு 35 சதவீதம் அளவுக்கு உள்ள கெட்டியான பாலேடு (கிரீம்) வேண்டும். மூடி இறுக்கமாக உள்ள பிளாஸ்டிக் பாட்டிலில் பாதி மட்டும் நிரப்புங்கள். பாதி காலியாக இருந்தால்தான் குலுங்கும். குளிர்ச்சி சற்றுத் தணிந்ததும் குலுக்கச் சொல்லுங்கள். முதலில் சளசளவென்று சத்தம் வரும். சில நிமிடத்தில் சத்தம் அடங்கிவிடும், உள்ளே எதுவும் அசையாது. காற்று புகுந்து பாலேடு நுரைத்துத் தடித்திருக்கும் நேரம் அது. "கெட்டுப்போச்சு" என்று பிள்ளை பாட்டிலை நீட்டுவது இங்கேதான். நீங்கள் கொஞ்ச நேரம் குலுக்கிக் கொடுங்கள். திடீரென்று உள்ளே 'தொப்'பென்று ஒரு கட்டி மோதும், சுற்றிலும் நீர்த்த மோர் பிரியும். அந்த முகத்தை நீங்கள் பார்க்க வேண்டும்!

பாலேட்டில் கொழுப்புத் துளிகள் ஒவ்வொன்றையும் ஒரு மெல்லிய உறை மூடியிருக்கிறது. குலுக்கக் குலுக்க உறை கிழிந்து, கொழுப்பு ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கிறது. பத்துப் பதினைந்து நிமிட வேலை. பாலேடு மிகவும் குளிர்ந்திருந்தால் கூடுதலாகும். கட்டியை வடித்தெடுத்து, தண்ணீர் தெளியும்வரை குளிர்ந்த நீரில் அலசுங்கள். மோர் தங்கினால் வெண்ணெய் சீக்கிரம் கெடும். ஒரு சிட்டிகை உப்பு, ஒரு துண்டு ரொட்டி, அவ்வளவுதான்.

செயற்கை நிறம் சேர்க்காமல் வண்ண வண்ணமாக ஏதாவது செய்ய முடியுமா?

ஊதா முட்டைக்கோஸை நறுக்கிச் சுடுதண்ணீரில் ஊறவையுங்கள் (இது பெரியவர் வேலை). வடித்தால் ஊதா நீர் கிடைக்கும். ஆறியதும் மூன்று கிண்ணங்களில் ஊற்றுங்கள். ஒன்றில் எலுமிச்சை பிழிந்தால் இளஞ்சிவப்பு. இன்னொன்றில் ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டால் நீலம், கூடினால் பச்சைச் சாயல். அதிலுள்ள ஆந்தோசயனின் என்ற நிறமி எலுமிச்சையின் புளிப்புக்கும் சோடாவின் காரத்தன்மைக்கும் ஏற்ப இப்படி மாறுகிறது. பிழிவதற்கு முன்பு "என்ன ஆகும்னு நினைக்கிற?" என்று கேட்க மறக்காதீர்கள். வேகவைத்த நூடுல்ஸை அந்த ஊதா நீரில் ஊறவைத்துத் தட்டில் போட்டு, பிள்ளையே எலுமிச்சை பிழியட்டும்.

கத்தி எப்போது கொடுக்கலாம்?

மூன்று வயதில் வாழைப்பழத்தை வெண்ணெய்க் கத்தியால் வெட்டலாம். ஐந்து, ஆறு வயதில் பல் வைத்த சிறு கத்தி, மென்மையான காய்கள், பக்கத்தில் நீங்கள். உருளும் எதையும் நீங்களே பாதியாக வெட்டி, தட்டையான பக்கம் கீழே இருக்கும்படி வைத்துக் கொடுங்கள். பிடித்திருக்கும் கையின் விரல் நுனிகள் உள்ளே மடங்கியிருக்க வேண்டும். கத்தி கையில் இருக்கும்போது பேச்சு, போன் இரண்டும் வேண்டாம்.

கேக் மாவை வழித்து நக்கலாமா என்று கெஞ்சுகிறான்.

வேண்டாம். பச்சை முட்டையில் மட்டுமல்ல, வேகாத மாவிலும் நோய்க்கிருமிகள் இருக்கலாம். வீட்டில் இன்னும் சிறிய பிள்ளை இருந்தால் கூடுதலாகக் கவனியுங்கள்: ஒரு வயதுக்குள் தேன் கூடாது. ஐந்து வயதுக்குள் முழு முந்திரி, பாதாம் போன்றவை கூடாது. திராட்சையை நீளவாக்கில் நாலாக வெட்டிக் கொடுங்கள்.

வேலை முடிந்து வந்தால் நேரமே இல்லை.

முழுச் சமையல் தேவையில்லை. ஒரே ஒரு படி, பத்து நிமிடம். எலுமிச்சை பிழிவது மட்டும் அவள் வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பழச்சாறு சேர்ந்து பிழிகிறார்கள். சரிசமமாக ஊற்றினாலும் அண்ணன் டம்ளரில்தான் அதிகம் என்று ஐந்து வயது மகள் அழுகிறாள்.

அடம் இல்லை, அவளுக்கு உண்மையிலேயே அப்படித்தான் தெரிகிறது. உயரமான டம்ளரில் இருப்பது அதிகம் என்று ஏறக்குறைய ஏழு வயது வரை பிள்ளைகள் நம்புவதை ஸ்விட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே விரிவாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார். விளக்கம் சொல்லிப் பயனில்லை. ஒரே அளவான டம்ளர்களாக எடுத்து வையுங்கள். அப்புறம் ஒருவர் ஊற்றட்டும், மற்றவர் தனக்கான டம்ளரை முதலில் எடுக்கட்டும். ஊற்றுகிறவர் சொட்டுச் சொட்டாகச் சரிபார்ப்பார்.