பதில்: குழாயில் நீர் ஒரே நாளில் 15 செ.மீ. இறங்குகிறது

வறண்ட பகுதியில் காய்ச்சலும் பாய்ச்சலுமாக (நீர் கட்டி, அது வற்றிய பின் மறுபடி பாய்ச்சி) நெல் பயிரிடும்போது, மண்ணுக்குள் நீர்மட்டம் பார்க்க நடும் துளையிட்ட அளவுக் குழாயில் நீர் மறுநாளே மண்மட்டத்துக்குக் கீழே 15 செ.மீ. இறங்கிவிடுகிறது, ஏன் என்று கேட்டிருந்தீர்கள். முதலில் குழாயைச் சந்தேகப்படுங்கள். வயலில் 5 செ.மீ. நீர் நிற்கும்போது குழாயின் உள்மட்டமும் வெளிமட்டமும் ஒன்றாக இருக்க வேண்டும். உள்ளே குறைவாக இருந்தால் துளைகள் சேற்றால் அடைபட்டிருக்கின்றன. பிடுங்கிக் கழுவி மறுபடி நடுங்கள். 30 செ.மீ. குழாயில் துளையிட்ட 20 செ.மீ. மண்ணுக்குள் போக வேண்டும். உள்ளே இருக்கும் மண்ணை அடிவரை எடுத்துவிட வேண்டும். பலர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். வரப்போரம் நட்டாலும் கணக்குத் தப்பும், அங்கே கசிவு அதிகம்.

மட்டம் சரியாக இருந்தும் இறங்கினால் கோளாறு வயலில்தான்: நண்டு, எலி வளைகள், அல்லது தொழி உழவு (நீர் கட்டிச் சேறாக்கி உழுவது) போதாமை. வளைகளைச் சேறு வைத்து மிதித்து அடையுங்கள். மணல்பாங்கான நிலமென்றால் இந்த முறையில் பெரிய நீர் மிச்சம் எதிர்பார்க்க வேண்டாம்.

பூப்பதற்கு ஒரு வாரம் முன்பிருந்து ஒரு வாரம் பின்பு வரை காயவிடாதீர்கள், பதர் கூடும்.

உங்கள் மண் உவர் என்றால் 15 செ.மீ. வரை இறங்கவிடுவதே தவறு. காயக் காய உப்பு வேர்ப்பகுதியில் செறியும். எகிப்தின் நைல் கழிமுகத்து வடபகுதியில் நெல்லை விடாமல் வைத்திருப்பதற்கு ஒரு காரணமே, தேங்கும் நீர் உப்பைக் கீழே தள்ளுவதுதான். வடிகால் இருந்தால் மட்டுமே அந்தப் பலன் கிடைக்கும்.