பார்வை இல்லாமல் அடுப்பில் நிற்கலாமா?

கேள்வி: எனக்கு 44 வயது. கண் நீர் அழுத்த நோயால் பார்வை முழுதும் போய்விட்டது. வெள்ளைக்கோலோடு வெளியே போய் வருகிறேன். ஆனால் அடுப்புப் பக்கம் போனாலே வீட்டில் பதறுகிறார்கள். பழையபடி சமைக்கவும், மகளுக்கு கேக் செய்து கொடுக்கவும் ஆசை. முடியுமா?

பதில்: தாராளமாக முடியும். பிறவியிலேயே பார்வை இல்லாத எத்தனையோ பேர் தினமும் சமைக்கிறார்கள். உங்களுக்குப் பல வருடக் கைப்பழக்கமும் இருக்கிறது.

முதலில் வீட்டாரிடம் ஒன்று சொல்லிவிடுங்கள்: எடுத்த பொருளை எடுத்த இடத்திலேயே வைக்க வேண்டும். தீயைவிட, இடம் மாறிய கத்தியும் மேடையில் யாரோ இறக்கி வைத்த சூடான பாத்திரமும்தான் எனக்கு அதிகக் கவலை. உப்பு டப்பாவுக்கு ஒரு ரப்பர் பேண்ட், சர்க்கரைக்கு இரண்டு என்று போட்டுக்கொள்ளுங்கள்.

பாத்திரத்தை வைத்த பிறகே அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். அடுப்பு ஆறியிருக்கும்போது தாங்கியின் கால்களைத் தொட்டுப் பார்த்து, பாத்திரத்தை நடுவில் வைத்து, கைப்பிடியைப் பக்கவாட்டில் திருப்பிவிடுங்கள். நகர்ந்துவிட்டதாகத் தோன்றினால் அணைத்துவிட்டுச் சரிசெய்யுங்கள். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள்.

தாளிக்கத்தான் பலரும் பயப்படுகிறார்கள். உண்மையில் அதில் பாதி வேலை காதுக்குத்தான். எண்ணெயில் இரண்டே கடுகைப் போடுங்கள். உடனே வெடித்தால் சூடு சரி. மீதியைப் போட்டு மூடிவிடுங்கள். படபடப்பு அடங்கும்போது தீயைக் குறைத்து உளுத்தம்பருப்பு. அது சிவந்ததை வாசனையே சொல்லிவிடும். கறிவேப்பிலையில் ஈரம் இருந்தால் எண்ணெய் தெறிக்கும், துணியில் ஒற்றிப் போடுங்கள். பால் பொங்குமே என்ற கவலைக்கு விசில் அடிக்கும் பால் குக்கர் இருக்கிறது.

கேஸ் வாடை வந்தால் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். மின்விளக்கு, மின்விசிறி எந்த ஸ்விட்சையும் தொடாதீர்கள். எல்பிஜி காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். வெளியே வந்த பிறகு 1906 எண்ணை அழையுங்கள்.

அப்புறம் கேக். ஓவன் ஆறியிருக்கும்போதே தட்டை எந்த அடுக்கில் வைப்பது என்று முடிவுசெய்து பொருத்திவிடுங்கள். 180 டிகிரிக்கு நேராகக் குமிழ் அருகே நெயில் பாலிஷை இரண்டு மூன்று முறை சொட்டி உலரவிட்டால் விரலுக்குத் தட்டுப்படும். முழங்கை வரை வரும் கையுறை கட்டாயம். மேலே இருக்கும் கம்பிதான் முன்கையைச் சுடும். கேக் வேகும்போது உள்ளே மெல்லிய சலசலப்பு இருக்கும், வெந்ததும் அது அடங்கிவிடும். வெளியே எடுத்துப் பல்குச்சியை நடுவில் குத்தி, குச்சி ஆறியதும் விரலால் தடவுங்கள். பிசுபிசுத்தால் இன்னும் ஐந்து நிமிடம்.

எங்காவது சுட்டுக்கொண்டால் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். பேஸ்ட், ஐஸ், மை எதுவும் வேண்டாம். கொப்புளம் பெரிதாக இருந்தால் மருத்துவரிடம் போய்விடுங்கள்.