கோடை விடுமுறையில் சிறப்புக் கல்வி

கேள்வி: அமெரிக்காவில் வசிக்கிறோம். ஆட்டிசம் உள்ள எங்கள் மகன் இரண்டாம் வகுப்பில் படிக்கிறான். பள்ளியில் அவனுக்கு ஐ.இ.பி. எனப்படும் தனிநபர் கல்வித் திட்டம் உண்டு. சென்ற கோடைக்குப் பின் பேச்சில் மிகவும் பின்தங்கிவிட்டான். இவ்வாண்டு கோடையிலும் பேச்சுப் பயிற்சி கேட்டபோது, கடுமையான அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு மட்டுமே அது உண்டு என்று பள்ளியில் வாய்மொழியாகக் கூறிவிட்டார்கள். என்ன செய்யலாம்?
— வாசகி ஒருவர்

பதில்: அந்தப் பதிலை நீங்கள் ஏற்க வேண்டியதில்லை. சிறப்புக் கல்விக்கான கூட்டாட்சிச் சட்டமான ஐ.டி.இ.ஏ.வின் விதிமுறைகள், பள்ளி விடுமுறையிலும் சிறப்புக் கல்வியைத் தொடரும் 'எக்ஸ்டெண்டட் ஸ்கூல் இயர்' (நீட்டிக்கப்பட்ட பள்ளி ஆண்டு) என்னும் சேவையைக் குறிப்பிட்ட வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு மட்டும் என்று சுருக்குவதையும், அதன் வகை, அளவு, காலம் ஆகியவற்றைப் பள்ளி நிர்வாகம் தன்னிச்சையாக வரையறுப்பதையும் தடைசெய்கின்றன. ஒவ்வொரு பிள்ளையின் தேவையையும் தனியே ஆராய்ந்து முடிவெடுக்க வேண்டியது ஐ.இ.பி. குழு; அக்குழுவில் நீங்களும் உறுப்பினரே. தேவை என்று முடிவானால் நீங்கள் கட்டணம் ஏதும் செலுத்த வேண்டியதில்லை.

இந்த உரிமை பெற்றோர் நீதிமன்றம் சென்று பெற்றது. ஆண்டுக்கு 180 நாள்களுக்கு மேல் எவருக்கும் கற்பிப்பதில்லை என்று பென்சில்வேனியா மாநிலம் கடைப்பிடித்த விதி, ஆர்ம்ஸ்ட்ராங் வழக்கில் 1979-ஆம் ஆண்டு செல்லாது என்று தீர்ப்பானது. நீண்ட இடைவெளியில் கற்றதை இழந்து, அதை மீட்க நெடுங்காலம் எடுத்துக்கொள்ளும் பிள்ளைகளின் நிலையை அவ்விதி கருத்தில் கொள்ளவே இல்லை.

எனினும், விடுமுறையில் சிறிது மறப்பது எல்லாப் பிள்ளைகளுக்கும் இயல்பு என்பதால், 'பின்தங்கிவிட்டான்' என்ற ஒரு சொல் மட்டும் குழுவை அசைக்காது. எந்தத் திறனை எவ்வளவு இழந்தான், அதை மீண்டும் பெற எத்தனை வாரங்கள் ஆயின என்பதே அங்கு எழும் கேள்வி. குளிர்கால விடுமுறைக்கும் வசந்தகால விடுமுறைக்கும் முன்னும் பின்னும் அவன் தானாகப் பயன்படுத்தும் சொற்களைத் தேதியிட்டுக் குறித்துவையுங்கள், ஐ.இ.பி. இலக்குகளின்படி ஆசிரியர் எடுத்த அளவீடுகளையும் கேட்டுப் பெறுங்கள். இதர அளவுகோல்கள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுவதால், உங்கள் மாநிலக் கல்வித் துறையின் வழிகாட்டுதலையும் படித்துக்கொள்ளுங்கள்.

எதிர்பார்ப்பையும் அளவோடு வைத்துக்கொள்வது நல்லது. பெற்ற திறன்கள் நழுவாமல் காப்பதே இச்சேவையின் பெருநோக்கம் என்பதால், முழுநாள் வகுப்புக்குப் பதில் வாரத்தில் சில மணி நேரப் பேச்சுப் பயிற்சியாகவே அது அமையலாம். தோல்வியுற்ற பாடங்களைத் திரும்பப் படிக்கும் கோடைப் பள்ளி வேறு, இது வேறு.

குழுவைக் கூட்டுமாறு எழுத்து மூலம் கேளுங்கள். மறுப்பதாயின் காரணங்களுடன் எழுத்துவடிவ அறிவிப்பு தரப் பள்ளி கடமைப்பட்டுள்ளது. வாய்மொழி மறுப்போடு திரும்பிவிடுவதுதான் நம்மவர் பலர் செய்யும் தவறு. ஆங்கிலத்தில் விவாதிக்கத் தயக்கம் இருந்தால், மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்வதும் பள்ளியின் பொறுப்பே. முடிவு உங்களுக்கு உடன்பாடில்லை எனில் சமரசப் பேச்சுக்கோ முறையான விசாரணைக்கோ விண்ணப்பிக்கலாம்; அவை முடிவதற்குள் கோடையே கடந்துவிடக்கூடும் என்பதால், கடிதத்தை இந்த வாரமே அனுப்பிவிடுங்கள்.