குள்ளமானவர்கள் உயரமான அட்வென்ச்சர் பைக் ஓட்ட முடியுமா? கால் எட்டாவிட்டால் எப்படிச் சமாளிப்பது?

கேள்வி கேட்டவர் தன் உயரம் 5 அடி 2 அங்குலம் என்கிறார். 830 மி.மீ. சீட் உயரமுள்ள வண்டியில் உட்கார்ந்து பார்த்தாராம், கால் நுனி மட்டும்தான் தரையில் பட்டதாம். கூட வந்த நண்பர்கள் சிரித்துவிட்டார்கள் போலிருக்கிறது. வாங்கலாமா, வேண்டாமா என்பது கேள்வி.

என் உயரம் 5 அடி 3. நான்கு வருஷமாக ஓட்டுவது 825 மி.மீ. சீட்டும் ஏறக்குறைய 200 கிலோ எடையும் உள்ள ஒரு வண்டி. இதுவரை மூன்று தடவை கீழே போட்டிருக்கிறேன். ஒரு தடவைகூட ஓடும்போது விழவில்லை. மூன்றுமே நிற்கப் போகும்போதோ, நின்ற பிறகோ நடந்தவை.

முதல் தடவை நடந்ததைச் சொல்கிறேன். போனில் மேப் பார்க்கலாம் என்று சாலை ஓரமாக ஒதுங்கினேன். வண்டி நின்றது, இடது காலைக் கீழே விட்டேன். தரை இருக்க வேண்டிய இடத்தில் தரை இல்லை. தார் முடிந்து மண் தொடங்கும் இடத்தில் நாலு விரல் அளவுக்கு இறக்கம். உயரமான ஆளுக்கு அது ஒரு விஷயமே கிடையாது, முழங்கால் கொஞ்சம் குறைவாக மடங்கும், அவ்வளவுதான். எனக்கோ ஏற்கெனவே கால் முழுசாக நீட்டியாகிவிட்டது, அதற்கு மேல் நீட்ட ஒன்றும் இல்லை. வண்டி மெதுவாக, மிக மெதுவாகச் சாய்ந்தது. இரண்டு கையாலும் ஹேண்டில்பாரை இழுத்துப் பிடித்தேன். தொடை நடுங்கியது. அப்புறம் என்னையும் சேர்த்துக்கொண்டு படுத்துவிட்டது. கிளட்ச் லீவர் வளைந்துபோய், டேங்க் மூடி வழியாகப் பெட்ரோல் சொட்டிக்கொண்டிருந்தது. தோள்பட்டை ஒரு வாரம் வலித்தது. விழுந்ததால் வந்த வலி இல்லை அது, பிடித்து இழுத்ததால் வந்தது.

ஏன் பிடிக்க முடியவில்லை என்று அப்புறம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 200 கிலோ வண்டி, அதன் எடை மையம் தரையிலிருந்து 60 செ.மீ. உயரத்தில் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாம் பிடிக்கும் இடம் சுமார் ஒரு மீட்டர் உயரம். 5 டிகிரி சாய்ந்தால் நம் கையில் வரும் பாரம் கிட்டத்தட்ட 10 கிலோ. 15 டிகிரியில் அதே பாரம் 30 கிலோ. 30 டிகிரியில் 60 கிலோ. 5 டிகிரி வரைக்கும் ஒரு சின்னப் பையனே தாங்கிவிடலாம். அதைத் தாண்டிய ஒரு நொடிக்குள் ஜிம்முக்குப் போகிறவனுக்கே முடியாத எடை வந்துவிடுகிறது. உயரமான ஆளும் 30 டிகிரியில் பிடிக்க மாட்டார். அவருக்கு இருக்கிற ஒரே வசதி, 5 டிகிரிக்குள்ளேயே கால் தரையில் ஊன்றிவிடும் என்பதுதான். நம் வேலை அந்த 5 டிகிரிக்குள் முடிந்தாக வேண்டும். அதைத் தாண்டிவிட்டால் விட்டுவிட வேண்டும்.

விட்டுவிட வேண்டும் என்பதை நிஜமாகவே சொல்கிறேன். சைடு ஸ்டாண்டில் நிற்கும் சாய்வு உங்களுக்குக் கண்பழக்கம் இருக்கும். அந்தச் சாய்வைத் தாண்டிய வண்டியைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள். ஹேண்டிலை விட்டுக் காலை எடுத்துக்கொண்டு விலகிவிடுங்கள். கிராஷ் கார்டு போட்டிருப்பது அதற்குத்தான். லீவர் வாங்கி மாட்டிக்கொள்ளலாம், கணுக்கால் அப்படிக் கிடைக்காது.

இனி நிறுத்துவது. இரண்டு கால் நுனியையும் ஒரே நேரத்தில் தரையில் வைக்கப் பார்ப்பதுதான் குள்ளமானவர்கள் எல்லோரும் செய்கிற தப்பு. நானும் ஒரு வருஷம் செய்தேன். பாலே ஆடுகிற மாதிரி இரண்டு பெருவிரலில் நின்றால், எந்தப் பக்கம் சாயலாம் என்பதை வண்டிதான் முடிவு செய்யும். அதைவிட, நீங்களே முடிவு செய்து ஒரு காலை முழுசாக ஊன்றுங்கள். நான் செய்வது இப்படி. நிறுத்தும் இடம் வருவதற்கு முன்பே முதல் கியருக்கு வந்துவிடுவேன், ஏனென்றால் இடது காலுக்கு வேறு வேலை காத்திருக்கிறது. ஹேண்டில் நேராக இருக்கும். வலது கால் பின் பிரேக்கில். கடைசி ஒரு மீட்டரில் இடுப்பைச் சீட்டின் இடது ஓரத்துக்கு நகர்த்துவேன். பாதி உட்காரும் இடம் சீட்டுக்கு வெளியே தொங்கும், வலது தொடை சீட்டில் கொக்கி மாதிரி மாட்டிக்கொண்டிருக்கும். வண்டி முழுசாக நின்ற பிறகு இடது பாதம் நேர்க் கீழே இறங்கும். பக்கவாட்டில் அகட்டி வைத்தால் அந்த அகலத்திலேயே இரண்டு அங்குலம் வீணாகிவிடும். இப்படி நகர்ந்தாலே எனக்குக் குதிகால்வரை முழுப் பாதமும் பதிகிறது. அதே சீட், அதே கால்.

ஆரம்பத்தில் இது அசிங்கமாகத் தெரியும். சிக்னலில் பக்கத்து வண்டிக்காரர் திரும்பிப் பார்ப்பார். பார்க்கட்டும்.

அந்தக் கால் எங்கே இறங்கப் போகிறது என்பதை 10 மீட்டர் முன்னாலேயே பார்த்துவிட வேண்டும். மழைத் தண்ணீர் வடிவதற்காகச் சாலையின் நடுவை உயர்த்தி, ஓரத்தைத் தாழ்த்திப் போடுவார்கள். இடப்பக்கம் வண்டி ஓட்டும் நாடுகளில் நம் இடது கால்தான் அந்தப் பள்ளத்தின் பக்கம் இருக்கும். அதனால் ஓரத்தில் ஒட்டி நிற்பதைவிட நம் தடத்தின் நடுவே நிற்பது நல்லது. இடது பக்கம் சரளையோ, குழியோ, எண்ணெய் சிந்தின இடமோ தெரிந்தால் ஒரு வண்டி நீளம் முன்னாடியே நின்றுவிடுவேன். பின்னால் ஹாரன் அடிப்பவர்கள் என் வண்டியைத் தூக்க வரமாட்டார்கள். இடது பக்கம் பள்ளம், வலது பக்கம் மேடு என்றால் வலது காலை இறக்கலாம்தான். ஆனால் பின் பிரேக் போய்விடும், முன் பிரேக்கை மட்டும் வைத்து நிற்க வேண்டும். சமதளத்தில் சரி, ஏற்றத்தில் எனக்குப் பிடிக்காது.

இரண்டாவது தடவை விழுந்தது யூ டர்னில். ஹேண்டிலை முழுசாக ஒடித்துத் திரும்பிக்கொண்டிருந்தேன், எதிரே ஒரு நாய் வந்தது, பதறி முன் பிரேக்கைப் பிடித்தேன். அவ்வளவுதான். திரும்பும்போது வண்டி உள்பக்கம் சாய்ந்திருக்கிறது, அதை விழாமல் வைத்திருப்பது அந்த ஓட்டம். ஓட்டத்தைச் சட்டென்று நிறுத்தினால் சாய்வு மட்டும் மிச்சம் இருக்கும். உடல் பாரத்தோடு, முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கும் அமுங்கி அந்தப் பக்கமே தள்ளிவிடும். மெதுவாகத் திரும்பும்போது வலது கையில் இரண்டு விரல்கூட முன் பிரேக் லீவரில் வைக்காமல் இருப்பது பழக்கமாக வேண்டும். ஹாஃப் கிளட்ச், கொஞ்சம் ஆக்சிலரேட்டர், பின் பிரேக் லேசாக உரசிக்கொண்டிருக்கட்டும். இந்த மூன்றும் சேர்ந்தால் நடக்கிற வேகத்திலும் வண்டி கயிறு கட்டி இழுத்த மாதிரி நேராக நிற்கும். வண்டி உள்ளே விழப்போகிறது என்று தோன்றினால் காலை நீட்டாதீர்கள், கிளட்சைக் கொஞ்சம் விடுங்கள். எழுந்துவிடும். பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் தட்டுகள் எண்ணெயில் ஊறியிருப்பவை, பத்து நிமிஷம் ஹாஃப் கிளட்சில் பழகினால் ஒன்றும் ஆகாது.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. விளக்குமாற்றை உள்ளங்கையில் செங்குத்தாக நிறுத்திப் பாருங்கள், கொஞ்ச நேரம் நிறுத்திவிடலாம். பென்சிலை நிறுத்த முடியாது. எடை உயரத்தில் இருந்தால் சாய்வது மெதுவாகத்தான் ஆரம்பிக்கும், நாம் திருத்திக்கொள்ள நேரம் கிடைக்கும். மேல்பாரமான வண்டி ஓடும்போது ரொம்ப சாதுவாகத் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம். நின்ற பிறகு அதே உயரம்தான் எதிரியாகிறது.

கம்பெனிக்காரர்களுக்கும் இது தெரியும். 2021இல் வந்த ஹார்லி டேவிட்சன் பான் அமெரிக்கா ஸ்பெஷலில், நிற்கப் போகும்போது சஸ்பென்ஷன் தானாகவே ஓரிரு அங்குலம் இறங்கி, கிளம்பியதும் மறுபடி ஏறும் வசதி வந்தது. ஓடும்போது உயரம் வேண்டும், நிற்கும்போது மட்டும் வேண்டாம். நம்மிடம் அந்த வசதி இல்லை, இடுப்பை நகர்த்திக்கொள்கிறோம்.

ஏறுவது, இறங்குவது. சைடு ஸ்டாண்டில், முதல் கியரில் நிற்கும் வண்டியில் இடது ஃபுட்ரெஸ்டை மிதித்துக் குதிரையில் ஏறுகிற மாதிரி ஏறுவார்கள். ஸ்டாண்ட் உறுதியாக இருந்தால், தரை கெட்டியாக இருந்தால் செய்யலாம். நான் கூடியவரை தவிர்க்கிறேன், அந்தச் சின்ன இரும்புக்கு வண்டி எடையோடு என் எடையும் எதற்கு? பின்னால் பெட்டி கட்டியிருந்தால் காலை மேலே வீசாமல், முழங்காலை மடித்துச் சீட்டின் மேல் நுழைத்து எடுத்துவிடுவேன்.

பார்க்கிங்கில்தான் நிஜமான அவமானம் காத்திருக்கிறது. சரிவில் முன்சக்கரம் கீழ்ப்பக்கம் சுவரைப் பார்க்கிற மாதிரி விட்டீர்களானால் கதை முடிந்தது. கால் நுனியால் 200 கிலோவை மேட்டுப் பக்கம் பின்னுக்குத் தள்ள முடியாது. எப்போதும் வெளியே போகும் வழியைப் பார்த்து நிறுத்துங்கள். சரிவு என்றால் மூக்கு மேட்டைப் பார்க்கட்டும், கியரில் விடுங்கள், கிளம்பும்போது பின்னால் தானே உருளும். அப்படியும் மாட்டிக்கொண்டால் கௌரவம் பார்க்காமல் இறங்கிவிடுங்கள். வண்டியின் இடது பக்கம் நின்று, சீட்டை இடுப்பில் சாய்த்துக்கொண்டு, முன் பிரேக்கில் விரல் வைத்துத் தள்ளினால் எவ்வளவு சுலபம் என்று தெரியும். என் மூன்றாவது விழுகை சீட்டில் உட்கார்ந்தபடியே பின்னால் தள்ளப் பார்த்தபோது நடந்தது, அதைப் பற்றி வேறு சொல்ல ஒன்றும் இல்லை.

எடை விஷயத்தில் ஒன்று. 17 லிட்டர் டேங்க் நிரம்பினால் சுமார் 12, 13 கிலோ, அதுவும் வண்டியின் உச்சியில். பழகும் முதல் மாதங்களில் பாதி டேங்க் போதும். கனமான சாமான் பக்கப் பெட்டியில், அடியில் இருக்கட்டும். மேல் பெட்டியில் துணிமணி மட்டும். பின்னால் ஒருவரை ஏற்றினால் சஸ்பென்ஷன் அமுங்கிக் கால் நன்றாக எட்டும், ஆனால் அவர் ஏறும் அந்த இரண்டு நொடி ஆபத்தானது. 'ஏறுங்க' என்று நான் சொல்லும்வரை யாரும் தொடக்கூடாது என்பது என் வண்டியின் சட்டம்.

அடுத்து எல்லோரும் கேட்பது, வண்டியைத் தாழ்த்தலாமா? முதலில் ஆறு மாசம் அப்படியே ஓட்டுங்கள் என்பேன். தாழ்த்துவதிலும் மலிவான, திரும்பப் பெறக்கூடிய வழியிலிருந்து தொடங்குங்கள். தடித்த அடியுள்ள பூட்ஸ் இரண்டு, மூன்று செ.மீ. தரும். சீட்டைச் செதுக்குவதென்றால் உயரத்தைவிட முன்பக்க அகலத்தைக் குறைக்கச் சொல்லுங்கள், தொடை அகலாமல் நேராக இறங்கினால் அதுவே பெரிய வித்தியாசம். லோயரிங் லிங்க், அதாவது பின் சஸ்பென்ஷனைத் தாழ்த்தும் இணைப்புத் துண்டு, கடைசி. அதைப் போட்டால் பின்பக்கம் மட்டும் தாழும், ஃபோர்க்கையும் அதற்கேற்ப இறக்காவிட்டால் ஹேண்டில் மந்தமாகிவிடும். கற்களில் அடிப்பக்கம் இடிக்கும். இன்னொன்றைப் பலர் மறந்துவிடுவார்கள்: சைடு ஸ்டாண்ட் பழைய நீளத்திலேயே இருக்கும். வண்டி ஏறக்குறைய நேராக நிற்கும், காற்றடித்தால் வலது பக்கம் சாய்ந்துவிடும். ஸ்டாண்டையும் வெட்டிக் குறைக்க வேண்டும்.

விழுந்த வண்டியைத் தூக்கக் கற்றுக்கொள்ளாமல் தனியாக எங்கும் போகாதீர்கள். இன்ஜினை அணைத்துக் கியரில் போடுங்கள். வலது பக்கம் விழுந்திருந்தால் முதலில் சைடு ஸ்டாண்டை இறக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் தூக்கிய வேகத்தில் அந்தப் பக்கம் போய்விடும். ஹேண்டிலைத் தரைப் பக்கமாக முழுசாக ஒடித்தால் கீழே கிடக்கும் கைப்பிடி டேங்கை ஒட்டி வரும். வண்டிக்கு முதுகைக் காட்டிச் சீட்டில் சாய்ந்து குந்துங்கள். ஒரு கை அந்தக் கைப்பிடியில், இன்னொன்று பின்பக்கக் கம்பியில். கையால் தூக்காதீர்கள், முதுகை நேராக வைத்துக் காலால் உந்தி, சின்னச் சின்ன அடியாகப் பின்னால் நடங்கள். முதல் தடவை எனக்கு நாலு முயற்சி ஆனது. இப்போது ஒன்று போதும், உடம்பில் பலம் கூடவில்லை, முறை தெரிந்துவிட்டது.

ஜாஸ்லின் ஸ்னோ என்ற பெண்ணின் வீடியோக்களைத் தேடிப் பாருங்கள். உயரம் 5 அடி 1. ஓட்டுவது பி.எம்.டபிள்யூ ஜி.எஸ். அட்வென்ச்சர், 260 கிலோவுக்கு மேல். சீட்டிலிருந்து ஒரு பக்கமாக அவர் இறங்கி நிற்கும் விதத்தைப் பார்த்துதான் எனக்கு இடுப்பு நகர்த்தும் தைரியமே வந்தது.

வாங்கலாமா என்றால், அந்த வண்டியில் மறுபடி ஒரு தடவை ஏறிப் பாருங்கள். இந்தத் தடவை இரண்டு கால் எட்டுகிறதா என்று பார்க்க வேண்டாம். சைடு ஸ்டாண்டிலிருந்து நீங்களே நிமிர்த்துங்கள், இடுப்பை இடது பக்கம் நகர்த்தி இடது பாதம் முழுசாகப் பதிகிறதா பாருங்கள். அப்படியே ஒரு நிமிஷம் தொடை நடுங்காமல் நிற்க முடிகிறதா? முடிந்தால் வாங்குங்கள், கூடவே கிராஷ் கார்டும் ஒரு உபரி கிளட்ச் லீவரும். முடியவில்லை என்றால் அதைவிட 20, 30 கிலோ குறைந்த வண்டியைப் பாருங்கள், சீட் உயரம் அதேயாக இருந்தாலும் பரவாயில்லை.